ஆர்கான் பட்டறை: பழைய மிஷினும் கைவேலை கூலரும் – வாசகர் கேள்வி–பதில்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆர்கான் மிஷினை (டிஐஜி வெல்டிங் மிஷின்) சரிசெய்வது பற்றியும், அதற்குத் தண்ணீரில் குளிரும் டார்ச் பூட்டி, அந்தத் தண்ணீரைச் சுழற்றும் கூலரைச் சொந்தமாகக் கட்டுவது பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வருடம் ஓரமாகக் கிடந்த 200 ஆம்பியர் ஏசி/டிசி ஆர்கான் மிஷின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நகர்த்தவே நாலு பேர் வேண்டும். கரண்ட் கொடுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பிரிக்கலாமா?

முதலில் பிரியுங்கள், கரண்ட் பிறகு. இத்தனை வருடம் சும்மா கிடந்த மிஷினில் காயில் வெந்துபோயிருக்க வாய்ப்பு குறைவு. ஈரமும் தூசியும் ஏறியிருக்க வாய்ப்பு நிறைய. பட்டறைத் தூசி வீட்டுத் தூசி மாதிரி அல்ல. கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புப் பொடி அதில் கலந்திருக்கும். அது ஈரத்தோடு சேர்ந்து காயிலுக்கும் இரும்புக் கோருக்கும் நடுவே படிந்திருந்தால், சுவிட்ச் போட்ட நொடியில் அதுவே கரண்டுக்குப் பாதையாகிவிடும். அதுவரை நன்றாக இருந்த காயில் அன்றைக்குத்தான் கருகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கவரைக் கழற்றுங்கள். பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் இருந்தால் அதன் இரு முனைக்கும் குறுக்கே 1,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி வைத்து இறக்குங்கள். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். 1970களிலோ அதற்கு முன்போ செய்த மிஷின் என்றால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. எண்ணெய் அடைத்த கெபாசிட்டரில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். ஒழுகியிருந்தால் கையுறை போட்டு எடுத்து, ஆபத்தான கழிவாக ஒப்படையுங்கள். சாம்பல் நிறத்தில் நார் நாராக உரியும் தகடோ துணியோ தென்பட்டால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் மேல் காற்று அடிக்கவே கூடாது.

ஒயர்களைக் கழற்றும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் அது போய்ச் சேரும் முனைக்கும் ஒரே எண் ஒட்டுங்கள். தூசியை முதலில் வேக்குவம் கிளீனரும் பெயின்ட் பிரஷும் கொண்டு எடுங்கள். மிச்சத்துக்கு ஈரமில்லாத காற்று, 2 பாருக்கு மேல் வேண்டாம், நாஸிலை ஒரு ஜாண் தள்ளிப் பிடியுங்கள். நெருக்கி வைத்து அடித்தால் இரும்புப் பொடி வெளியே வராது, காயில் இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

அடுத்தது மெக்கர், அதாவது இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர். 500 வோல்ட் டிசி மெக்கர் போதும். வைக்கும் முன் கன்ட்ரோல் போர்டு கனெக்டர்களைக் கழற்றிவிடுங்கள், டையோடுகளின் இரு முனையையும் ஒயரால் ஷார்ட் செய்யுங்கள், பாடிக்குப் போகும் பைபாஸ் கெபாசிட்டர்களின் ஒரு காலை விடுவியுங்கள். இதைச் செய்யாமல் மெக்கர் வைத்தால் நல்ல டையோடும் போகும், வரும் அளவும் பொய்யாக இருக்கும். பிரைமரிக்கும் (சப்ளை சேரும் காயில்) வெல்டிங் பக்கத்துக்கும் நடுவே 5 மெகா ஓம், பிரைமரிக்கும் பாடிக்கும் 2.5 மெகா ஓம், வெல்டிங் பக்கத்துக்கும் பாடிக்கும் 2.5 மெகா ஓம். இவை குறைந்தபட்ச அளவுகள். காய்ந்த நல்ல மிஷின் இதைவிடப் பல மடங்கு காட்டும்.

அளவு குறைவாக வந்தால் உடனே காயிலைக் குறை சொல்ல வேண்டாம், காய வையுங்கள். கவரைப் பாதி மூடி, 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் ஹாட் ஏர் புளோயர் காற்றை ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் ஓட விடுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மெக்கர் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்தில் அளவு இன்னும் இறங்கும். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சூடு பட்டதும் உள்ளே ஒளிந்திருந்த ஈரம் வெளியே நகர்வதால் வரும் இறக்கம் அது. பிறகு ஏறும். மூன்று முறை தொடர்ந்து ஒரே அளவு வந்தால் காய்ந்துவிட்டது. காற்றில் உலரும் இன்சுலேட்டிங் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் அதற்குப் பிறகுதான். ஈரத்தின் மேல் அடித்த வார்னிஷ் ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

இனி ஜாயின்ட்கள். பழைய மிஷினில் நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். வெல்டிங் கரண்ட் ஓடும் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். லக் ஊதா நிறமாகவோ, பக்கத்து ஒயரின் உறை மொறமொறவென்றோ இருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. ஒரு ஜாயின்டில் ஆயிரத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 40 வாட் சூடு வரும். ஒரு சால்டரிங் அயர்னை அந்த நட்டுக்குள் சொருகி வைத்ததற்குச் சமம். செம்பு முகத்தை நைஸ் எமரியால் பளபளப்பாக்கி, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். அலுமினியக் காயில் என்றால் ஜாயின்ட் கம்பவுண்டைத் தடவி, அதன் மேலேயே கம்பி பிரஷால் தேய்த்து, துடைக்காமல் இறுக்க வேண்டும். தேய்த்த அலுமினியத்தில் காற்றுப் பட்டால் உடனே ஆக்ஸைடு படரும்.

பிறகு பாடிக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே தடை பாருங்கள். 5 மீட்டர் வரையுள்ள கேபிளில் 0.3 ஓமுக்குள் வர வேண்டும். கேபிளை வளைக்கும்போது உறை வெடித்தால் முழுசாக மாற்றுங்கள், டேப் சுற்றுவது இங்கே ஆகாது. ஃபேன் கையால் தள்ளியதும் சுற்ற வேண்டும். பேரிங் கரகரத்தால் அதன் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் போடுங்கள்.

முதல் கரண்டை சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். 200 வாட் குண்டு பல்பு போதும். மூன்று பேஸில் இரண்டில் ஓடும் மிஷினாக இருந்தாலும் இந்தச் சோதனையை ஒற்றை பேஸில் செய்யலாம். பவர் ஃபேக்டர் கெபாசிட்டரைக் கழற்றி வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது இழுக்கும் கரண்டே பல்பை எரிய வைத்துக் குழப்பும். போட்ட நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். இதில் தேறினால் நேர் சப்ளை கொடுத்து, ஹை ஃப்ரீக்வென்ஸியை (டங்ஸ்டன் தொடாமலே ஆர்க்கைப் பற்ற வைக்கும் பொறி) ஆஃப் செய்துவிட்டு, வெல்டிங் டெர்மினலில் வோல்ட் பாருங்கள். பெரும்பாலான மிஷினில் 50 முதல் 80 வரை வரும்.

கேள்வி: சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது. பத்துத் தடவையில் மூன்று நான்கு முறை மட்டும்தான். சீரிஸ் பல்பில் எந்தக் குறையும் தெரியவில்லை.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் இருக்கிறது. சுவிட்ச் போடும் கணத்தில் ஏசி அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, முதல் சில சுற்றுகளுக்கு கோர் நிறைந்து வழிந்து, வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எல்லாத் தடவையும் விழாமல் சில தடவை மட்டும் விழுவது இதனால்தான். ஆம்பியரை ஏற்ற வேண்டாம். அதே ஆம்பியரில் ‘டி’ வகை எம்.சி.பி. போடுங்கள். விளக்கு சர்க்யூட்டுக்குப் போடும் ‘பி’ வகை இதைத் தாங்காது.

கேள்வி: வெளிநாட்டில் செய்த மிஷின். பெயர்ப் பலகையில் 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறது. எங்கள் சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெல்டிங் செய்யாதபோதே பலமாக உறுமுகிறது, சுடுகிறது.

ஹெர்ட்ஸ் குறைந்தால் அதே வோல்ட்டுக்கு கோரில் காந்தப் பாய்வு கூடும். 60-க்குப் பதில் 50 என்றால் 20 சதவீதம் கூடுதல். கணக்காக இரும்பு போட்டுச் செய்த மிஷினில் கோர் அங்கேயே நிறைந்துவிடும். உறுமலும் சும்மா நிற்கும்போது வரும் சூடும் அதற்கு அடையாளம். வோல்ட்டை ஆறில் ஐந்தாகக் குறைத்தால், அதாவது 190 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்தால், கோர் பழைய நிலைக்கு வரும். மிஷினில் சப்ளை வோல்ட்டுக்கேற்ப மாற்றும் டேப் லிங்க் இருந்தால், லிங்க்கை 230-க்கான டேப்பிலிருந்து ஒரு படி மேலே, உங்கள் சப்ளையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடிய டேப்புக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். 230-க்கு மேல் 460 மட்டுமே இருந்தால் அது அளவுக்கு மீறியது. பாதி வோல்ட்தான் கிடைக்கும், ஆர்க் நிற்காது. பொருத்தமான டேப் இல்லையென்றால், மிஷினின் முழு லோடையும் தாங்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. அப்போது ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும். டிஐஜிக்கு அது பெரும்பாலும் போதும், ராடு வெல்டிங்கில் ஆர்க் பற்றுவதுதான் கொஞ்சம் சிரமமாகும்.

கேள்வி: என் மிஷினில் சதுரத் தகடுகள் அடுக்கிய பழைய செலினியம் ரெக்டிஃபையர் இருக்கிறது. டிசியில் ஆர்க் பலவீனம். டையோடு போட்டுவிடலாமா?

போடலாம், போட வேண்டும். செலினியம் தகடு வயதாக வயதாகத் தடை கூடிக்கொண்டே போகும்; அதனால்தான் ஆர்க் சோர்கிறது. அது கருகும்போது அழுகிய பூண்டு போல வாடை வரும். அந்தப் புகை நச்சு. வாடை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

200 ஆம்பியர் மிஷினின் பிரிட்ஜுக்கு 300 ஆம்பியர் ஸ்டட் டையோடு நாலு வேண்டும், ரிவர்ஸ் வோல்ட் 600-க்குக் குறையாமல். 80 வோல்ட் ஏசியின் உச்சம் 113 வோல்ட்தானே, எதற்கு 600 என்று தோன்றும். ஆர்க் அறும்போது சோக்கிலிருந்து வரும் உதையையும் ஹை ஃப்ரீக்வென்ஸிக் கசிவையும் அந்த இடைவெளிதான் தாங்குகிறது. செலினியத்துக்கு இப்படிப்பட்ட உதையைத் தானே விழுங்கிக்கொள்ளும் குணம் உண்டு, சிலிக்கானுக்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு டையோடுக்குக் குறுக்கேயும் அந்த உதையை அடக்கும் ஒரு ஸ்னப்பர் (0.1 மைக்ரோஃபேரட், 1,000 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டரோடு தொடராக 22 ஓம், 5 வாட்), பிரிட்ஜின் ஏசி முனைகளுக்குக் குறுக்கே அளவு மீறிய வோல்ட்டை வடிக்கும் ஒரு வேரிஸ்டர் போடுங்கள். இதை விட்டதால்தான் பல பேருக்குப் புது டையோடு முதல் வாரத்திலேயே ஷார்ட் ஆகிறது. ஹீட் சிங்க் ஃபேன் காற்றின் பாதையிலேயே இருக்கட்டும். 200 ஆம்பியரில் ஒரே நேரம் இரண்டு டையோடு ஓடும், மொத்தம் 400 வாட்டுக்கு மேல் சூடு. டிசி வோல்ட் முன்னைவிடச் சற்றுக் கூடும், ஆகவே டயல் குறி கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கேள்வி: ஹை ஃப்ரீக்வென்ஸி சத்தம் கேட்கிறது. ஆனால் டங்ஸ்டன் முனையில் பொறி வருவதில்லை, தொட்டால்தான் ஆர்க் பிடிக்கிறது.

சத்தம் வருவதால் மிஷினுக்குள் பொறி தாவும் இடைவெளியான ஸ்பார்க் கேப் வேலை செய்கிறது என்று அர்த்தம். பொறி வழியில் எங்கோ நழுவுகிறது. டார்ச் கேபிளைச் சுருட்டி இரும்பு மேஜை மேல் போட்டிருந்தால் முதலில் அதை நீட்டுங்கள். எர்த் கிளாம்ப் துருவின் மேல் பிடித்திருக்கிறதா, ஆர்கான் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மிஷினை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு கேப்பை அளவெடுங்கள். ஃபீலர் கேஜில் 0.2 மி.மீ. என்பது பல மிஷினுக்குப் பொது அளவு. உங்கள் மிஷின் கவரின் உள்பக்கத் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. முனைகள் கருத்திருந்தால் நைஸ் எமரியால் தட்டையாகத் தேய்த்து இரண்டு முகமும் இணையாக நிற்கும்படி பூட்டுங்கள். பொறி வலுவாக வரட்டும் என்று கேப்பை அகலப்படுத்துவது தப்பு. கேப் அகன்றால் அதைத் தாண்ட இன்னும் உயர்ந்த வோல்ட் சேர வேண்டும், அந்த அழுத்தம் முழுவதும் மைக்கா கெபாசிட்டர் மேல் விழும், அது வெடிக்கும்.

கேள்வி: இந்த 200 ஆம்பியர் மிஷினுக்குத் தண்ணீர் டார்ச் அவசியமா? இப்போது 17 எண் டார்ச் வைத்திருக்கிறேன்.

17 எண் டார்ச் காற்றில் குளிர்வது, 150 ஆம்பியர் வரைக்கானது. ஏசியில் அதற்கும் கீழேதான் நிம்மதியாக ஓடும். மெல்லிய ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் வேலை என்றால் அதுவே போதும், கூலர் வேண்டாம். 4 மி.மீ.க்கு மேல் அலுமினியம் செய்யப் போகிறீர்கள் என்றால் 20 எண் தண்ணீர் டார்ச்சுக்கு மாறுங்கள். தலை சிறியது, கேபிள் மெல்லியது, 200 ஆம்பியரிலும் கையுறையோடு சூடு தெரியாது.

மிஷினின் டியூட்டி சைக்கிளையும் கணக்கில் எடுங்கள். 200 ஆம்பியரில் 35 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் ஆர்க். நிறுத்தாமல் ஓட்டக்கூடிய கரண்ட் 200 × √0.35, சுமார் 118 ஆம்பியர்தான். கூலர் டார்ச்சைத்தான் காப்பாற்றும். மிஷினின் காயிலுக்கும் கூலருக்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: கூலரை நானே கட்ட விரும்புகிறேன். எவ்வளவு பெரிய டேங்க், என்ன ரேடியேட்டர், எந்த வரிசையில் இணைப்பது?

தண்ணீர் டார்ச்சின் பாதையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் தனி ஹோஸ் வழியாக நேராக டார்ச் தலைக்குப் போகிறது. திரும்பி வருவது பவர் கேபிள் வழியாக. அந்த ஹோஸுக்குள் உறையில்லாத மெல்லிய செம்புப் பின்னல் தண்ணீரில் நனைந்தபடி கிடக்கிறது. வெறும் காற்றில் அவ்வளவு கரண்டைத் தாங்கவே முடியாத செம்பு அது, தண்ணீர் ஓடுவதால் தாங்குகிறது. எனவே தண்ணீர் சற்றுச் சூடாக இருந்தால் பாதகமில்லை. நின்றால் சில நொடிகளில் ஹோஸ் உருகிவிடும். கூலர் கட்டும்போது ஓட்டத்துக்கு முதலிடம், குளிர்ச்சிக்கு இரண்டாமிடம் கொடுங்கள்.

தேவை நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டம், 2.5 முதல் 3.5 பார் அழுத்தம். தண்ணீர் 10 டிகிரி ஏறித் திரும்பினால் அது சுமந்து வரும் சூடு சுமார் 700 வாட். ரேடியேட்டரே இல்லாமல் 20 லிட்டர் தண்ணீர் வைத்தால், 20 டிகிரி ஏற 40 நிமிட ஆர்க் தேவை. வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆர்க் எரியும் என்றால் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். விட்டு விட்டுச் செய்பவருக்குப் பெரிய கேனே போதும் என்பது எங்கள் கருத்து. நாள் முழுக்க ஓட்டுபவர் 10 லிட்டர் டேங்கோடு கார் ஹீட்டர் ரேடியேட்டரும் ஒரு ஃபேனும் போடட்டும். செம்பு–பித்தளை ரேடியேட்டராகத் தேடி எடுங்கள். டார்ச் முழுக்கச் செம்பு; அதில் ஓடிய தண்ணீர் அலுமினிய ரேடியேட்டருக்குள் போனால் கரைந்து வந்த செம்பு அங்கே படிந்து, ஊசி ஊசியாக ஓட்டை போடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: டேங்க், ஃபில்டர், பம்ப், பிரஷர் கேஜ், டார்ச்சின் தண்ணீர் ஹோஸ், டார்ச் தலை, பவர் கேபிள், அடாப்டர் (தண்ணீரும் கரண்டும் பிரியும் கட்டை), ஃப்ளோ சுவிட்ச் (தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அறுக்கும் சுவிட்ச்), ரேடியேட்டர், மறுபடி டேங்க். ரேடியேட்டர் திரும்பும் பக்கத்தில் இருந்தால் பம்ப் அழுத்தம் அதன் மேல் விழாது, பழைய ரேடியேட்டர் கூடத் தாங்கும். டேங்கின் அடிமட்டம் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் 12 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறைய வேண்டாம், டேங்க் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் எடுத்தால் வண்டல் ஏறாது. ஃபில்டர் 100 மைக்ரான் அளவு, கழுவிப் போடக்கூடியது. பம்புக்குப் பிறகு ஒரு டீ போட்டு, 3.5 பாரில் திறக்கும் ரிலீஃப் வால்வின் கழிவை டேங்குக்கே விடுங்கள். திரும்பும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். மூடியைத் திறந்தால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்.

அடாப்டரைக் கையாலேயே செய்யலாம். 25 மி.மீ. பித்தளைக் கட்டையில் நீளவாக்கில் துளை போட்டு, ஒரு பக்கம் டார்ச் பவர் கேபிளின் நட்டுக்கேற்ற மரை, மறுபக்கம் ஹோஸ் நிப்பிள், பக்கவாட்டில் லக் பூட்ட 10 மி.மீ. போல்ட். அந்த போல்ட் துளை தண்ணீர்த் துளையைத் தொடக்கூடாது. மரை வெட்டும் முன் டார்ச் நட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், தண்ணீர்ப் பக்கத்து மரை பல டார்ச்சுகளில் இடது மரை. இந்தக் கட்டையில் வெல்டிங் வோல்ட்டோடு ஹை ஃப்ரீக்வென்ஸியும் இருக்கும். 10 மி.மீ. பேக்கலைட் தகட்டின் மேல், பாடியிலிருந்து எல்லாப் பக்கமும் 30 மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள். அங்கிருந்து ஃப்ளோ சுவிட்ச் வரை ஒரு மீட்டராவது ஹோஸாக வரட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸ் வேண்டாம். அதில் கலந்த கார்பன் ஹை ஃப்ரீக்வென்ஸியைக் கடத்தி, பொறியைக் கூலர் பாடிக்குத் திருப்பிவிடும். நூல் பின்னிய தெளிவான பிவிசி ஹோஸ் நல்லது.

கூலர் பாடிக்கு எர்த்தும், பம்ப் சப்ளைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடியும் (கரண்ட் கசிந்தால் அறுக்கும் பிரேக்கர்) கட்டாயம். முடித்ததும் திரும்பும் குழாயை அளவு ஜாடியில் விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். 1 லிட்டருக்குக் குறைந்தால் வெல்டிங் தொடங்க வேண்டாம். பிறகு 15 நிமிடம் ஓட விட்டு ஒவ்வொரு ஜாயின்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை அது காட்டிக் கொடுக்கும்.

கேள்வி: பம்புக்கு என்ன போடலாம்? மீன் தொட்டி பம்ப், காரின் பெட்ரோல் பம்ப், ஸ்பிரேயர் பம்ப் மூன்றும் கைவசம் இருக்கின்றன.

மீன் தொட்டி பம்ப் ஆகாது. அது தண்ணீரை 2 மீட்டர் தூக்கினால் அது 0.2 பார், டார்ச்சின் மெல்லிய துவாரத்தில் அந்த அழுத்தத்தில் சொட்டுத்தான் வரும். பெட்ரோல் பம்ப்பும் வேண்டாம். பல மாடல்களில் மோட்டாரின் பிரஷும் கம்யூட்டேட்டரும் எரிபொருளுக்குள்ளேயே ஓடும். பெட்ரோல் கரண்டைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும், அரித்துத் தின்றுவிடும்.

ஸ்பிரேயர் டயாஃப்ரம் பம்ப் ஓரளவு சரி. அதிலுள்ள பிரஷர் சுவிட்ச் 3–4 பாரில் அணைந்து அணைந்து எரிந்தால் ஓட்டம் விட்டு விட்டு வரும், ஃப்ளோ சுவிட்சும் துடிக்கும். ரிலீஃப் வால்வை அந்த அழுத்தத்துக்குக் கீழே திறக்கும்படி இறக்கி வைத்தால் பம்ப் நிற்காமல் ஓடும். அரை மணி ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அது தொடர் ஓட்டத்துக்கானது அல்ல. நீண்ட நாள் உழைப்பது பித்தளை வேன் பம்ப்தான், கால் குதிரைச் சக்தி மோட்டாரோடு. சோடா கலக்கும் இயந்திரங்களில் இருக்கும் அதே பம்ப். உள்ளே கார்பன் தகடுகள். ஒரு நிமிடம் வறண்டு ஓடினாலும் தேய்ந்துவிடும். முதல் முறை ஓட்டும் முன் உறிஞ்சும் ஹோஸைக் கையால் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீரும் கார் கூலன்ட்டும் கலந்து ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். குழாய்த் தண்ணீரின் உப்பு டார்ச் தலைக்குள் சுண்ணாம்பாகப் படியும், ஹை ஃப்ரீக்வென்ஸியையும் கடத்தும். கார் கூலன்ட்டில் காரின் இன்ஜினுக்காகச் சேர்த்த உப்புகள் உண்டு. கரண்ட் ஓடும் செம்பின் பக்கத்தில் சில வகை கோந்து போலத் திரண்டு துவாரத்தை அடைக்கும். ஓட்டை அடைக்கும் மருந்து சேர்ந்த கூலன்ட் இன்னும் மோசம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கில் மூன்றும், கலப்பில்லாத புரொப்பிலீன் கிளைக்கால் ஒன்றும் போதும். உறைபனி விழும் இடத்தில் கிளைக்காலைக் கூட்டுங்கள். எத்திலீன் கிளைக்காலும் வேலை செய்யும், ஆனால் அது இனிப்பான விஷம். குழந்தைகளும் வளர்ப்பு மிருகங்களும் நடமாடும் இடத்தில் வேண்டாம். பாசி பிடிக்காமலிருக்க வெளிச்சம் புகாத டேங்க் வையுங்கள். ப்ளீச்சிங் ஊற்றினால் பாசியோடு பித்தளையும் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அதற்கு முன்பே பச்சை தட்டினால் செம்பு கரைகிறது, உடனே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃப்ளோ சுவிட்சை எங்கே இணைப்பது? பம்ப் மோட்டார் ஒயரிலா?

பம்ப் ஒயரில் இணைத்தால் பம்ப் தொடங்கவே தொடங்காது. ஃப்ளோ சுவிட்ச் ஆர்க்கைத் தடுக்க வேண்டும். மிஷினில் தண்ணீர் பாதுகாப்புக்கென்று சாக்கெட் இருந்தால் அதில் கொடுங்கள். இல்லாவிட்டால் டார்ச் பட்டனோ பெடல் சுவிட்சோ போகும் லோ வோல்ட் ஒயரில் தொடராக. ரீட் வகைச் சுவிட்ச் அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. நடுவே 24 வோல்ட் ரிலே வைத்து அதன் கான்டாக்ட்டை டார்ச் ஒயரில் போடுங்கள். நிமிடத்துக்கு 0.7 லிட்டருக்குக் கீழே அறுக்கும் சுவிட்ச் பொருத்தம். திரும்பும் பக்கத்தில் வைப்பதில் ஒரு லாபம்: டார்ச் ஹோஸ் வழியில் வெடித்தாலும் தெரிந்துவிடும். பம்ப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் தரையில் கொட்டினாலும் ‘ஓடுகிறது’ என்றே சொல்லும். கடைசி ஆர்க்குக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் பம்ப் ஓடட்டும்.

கேள்வி: என் பழைய மிஷினின் பின்னால் ‘வாட்டர் இன்’, ‘வாட்டர் அவுட்’ என்று இரண்டு முனை இருக்கிறது. கூலரை அதன் வழியாகவே விடலாமா?

விட வேண்டாம். அது குழாய்த் தண்ணீரை நேராக டார்ச்சுக்கு விட்டுச் சாக்கடையில் கொட்டிய காலத்து ஏற்பாடு. உள்ளே சோலனாய்டு வால்வு உண்டு, ஆர்க் எரியும்போது மட்டும் திறக்கும். அதன் வழியாக விட்டால் ஆர்க் இல்லாத நேரம் முழுக்க பம்ப் மூடிய வால்வை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வால்வைத் தாண்டி, ஹோஸை நேராக டார்ச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: கூலர் பூட்டியதிலிருந்து அலுமினியத்தில் துளை துளையாக விழுகிறது, டங்ஸ்டன் நீலக்கருப்பாகிறது.

முதலில் போஸ்ட் ஃப்ளோ, அதாவது ஆர்க் நின்ற பிறகும் ஆர்கான் வரும் நேரம். 10 ஆம்பியருக்கு ஒரு நொடி என்று வையுங்கள். 150 ஆம்பியரில் 15 நொடி. அது சரியாக இருந்தும் கறுத்தால் ஆர்கானுக்குள் தண்ணீர் போகிறது. ஆர்கானை மூடி, மிஷினை அணைத்து, பம்பை மட்டும் ஓட்டி, டார்ச் தலையைக் காய்ந்த டிஷ்யூவின் மேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் தலையின் பிரேஸிங் வெடித்திருக்கிறது. எப்போதோ தண்ணீரில்லாமல் ஓட்டியதால் வருவது இது. அந்தத் தலையை ஒட்டப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

டிஷ்யூ காய்ந்தே இருந்தால் தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனியுங்கள். டேங்கில் ஐஸ் போட்டாலோ, குளிர்சாதனப் பெட்டியின் காயிலை இறக்கினாலோ, டார்ச் தலை அறைக் காற்றைவிடக் குளிர்ந்து, காலை வேளையில் செம்பின் உள்பக்கம் வேர்க்கும். அந்த வேர்வை ஆர்க்கில் ஹைட்ரஜனாகிறது, அலுமினியம் அதை உறிஞ்சி, உறையும்போது துளையாக விடுகிறது. வெறும் ரேடியேட்டரும் ஃபேனும் தண்ணீரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, அதனால் இந்தத் தொல்லையும் வராது.

கேள்வி: டார்ச் தலை குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் பவர் கேபிளில் ஓர் இடம் மட்டும் கொதிக்கிறது. ஓட்டம் 1.2 லிட்டர்.

அந்த இடத்தில் செம்பு இழைகள் அறுந்திருக்கின்றன. பெரும்பாலும் டார்ச் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தினமும் மடங்கும் இடத்தில்தான் இது வரும். மிஷினை அணைத்துவிட்டு அந்த இடத்தை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மற்ற இடத்தைவிட மெலிந்தும் தொளதொளவென்றும் தெரியும். வெளி ஹோஸ் பழுப்பேறிப் புடைத்திருந்தால் இனி ஒரு வெல்டிங் கூட வேண்டாம். அறுந்த இழைகளை ஒட்டவோ, ஹோஸை வெட்டி நடுவில் ஜாயின்ட் போடவோ முடியாது. பவர் கேபிள் தனியாகவே கிடைக்கும். அதை மட்டும் வாங்கி மாற்றி, பூட்டியதும் ஜாடியும் டிஷ்யூவும் வைத்து ஓட்டத்தையும் கசிவையும் மறுபடி பாருங்கள்.